நீண்ட தூர டிரையத்லான் போட்டிக்கு ஆன்லைன் கோச் தேடுகிறீர்களா? உங்கள் வாரத்தை யார் வாசிப்பார் என்று முதலில் பாருங்கள்

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, இங்கே சிங்கப்பூரில் மண்டாய் பக்கம் சைக்கிள் ஓட்டிவிட்டு ஈசூன் உணவங்காடியில் தே தாரே குடித்துக்கொண்டிருந்தோம். எங்களோடு ஓட்டும் தம்பி ஒருவர் கைப்பேசியை நீட்டினார். "அண்ணே, லங்காவிக்குப் பணம் கட்டிட்டேன். ஆன்லைன்ல அஞ்சு கோச் பார்த்து வெச்சிருக்கேன். எல்லாருமே ஒரே மாதிரிதான் பேசுறாங்க. யாரைப் பிடிக்கிறது?" லங்காவி என்று அவர் சொன்னது மலேசியாவில் நடக்கும் அயர்ன்மேன் போட்டியை; நீந்தி, சைக்கிள் ஓட்டி, பிறகு ஓடும் டிரையத்லானின் நீண்ட வடிவம் அது. ஐந்து பக்கங்களையும் வாங்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் பதக்கத்தோடு சிரிக்கும் ஆட்கள், எல்லாவற்றிலும் உங்களுக்கென்றே தனியாகத் தயாரித்த திட்டம் என்ற வரி. அவர் குழம்பியதில் வியப்பே இல்லை. அன்று அவரிடம் சொன்னதையும் சொல்ல விட்டுப்போனதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

தூரத்தை ஒருமுறை கண்முன் வைத்துக்கொள்வோம். முழுத் தூரம் என்றால் 3.8 கிலோமீட்டர் நீச்சல், 180 கிலோமீட்டர் சைக்கிள், அதற்கு மேல் 42.2 கிலோமீட்டர் ஓட்டம். பெரும்பாலான போட்டிகளில் 17 மணி நேரக் கெடு. பாதித் தூரம் 1.9, 90, 21.1, மூன்றையும் மைலில் கூட்டினால் 70.3 வருவதால்தான் அதற்கு 70.3 என்றே பெயர். வேலைக்குப் போய்க்கொண்டு, பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இதற்குத் தயாராக ஆறேழு மாதம் ஆகும், வாரத்துக்கு 8 மணி நேரத்திலிருந்து 14, 15 மணி நேரம்வரை போகும். இவ்வளவு நேரத்தையும் உடம்பையும் ஒருவர் கையில் கொடுக்கப் போகிறீர்கள். அதனால் ஒரு கைப்பேசி வாங்குவதற்கு விசாரிக்கும் அளவுக்காவது விசாரியுங்கள்.

பணம் எதற்குப் போகிறது

தூரப் போட்டிக்கான பயிற்சித் திட்டத்தில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. பெரும்பகுதி பேசிக்கொண்டே செய்யக்கூடிய மெதுவான வேகத்தில், கொஞ்சம் மட்டும் கடினமாக. மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை சுமை குறையும். வார இறுதியின் நீண்ட சைக்கிள் ஓட்டம் மெல்ல மெல்ல நீளும், சில நாள் சைக்கிளை விட்டு இறங்கிய உடனே ஓட வேண்டும், போட்டிக்கு முந்தைய இரண்டு மூன்று வாரம் எல்லாம் குறைந்து உடம்பு தேறும். எந்த கோச்சிடம் போனாலும் இதே எலும்புக்கூடுதான் கிடைக்கும். ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் தயார்த் திட்டத்திலும் இதுதான் இருக்கிறது, ஒழுங்காகவே இருக்கிறது.

அப்படியானால் மாதாமாதம் எதற்குப் பணம் கட்டுகிறோம்? நீங்கள் செய்து முடித்ததை, செய்யாமல் விட்டதை, வலிக்கிறது என்று எழுதியதை ஒரு மனிதர் திறந்து படித்து, அடுத்த வாரத்தை அதற்கேற்ப மாற்றி எழுதுவதற்கு. வேறு எதற்கும் இல்லை. இதை நான் புரிந்துகொள்ள ஒரு வருடம் போனது.

முதல் வருடம் நான் பிடித்தது வெளிநாட்டில் பெயர்பெற்ற ஒரு நிறுவனம். நிறுவனத்தை நடத்துபவர் முன்னாள் தொழில்முறை வீரர், அவர் முகத்தைப் பார்த்துத்தான் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் அடுத்த வாரத் திட்டம் செயலியில் வந்து விழும். நானும் ஒவ்வொரு பயிற்சிக்கும் கீழே இரண்டு வரி எழுதி வைப்பேன். ஒரு நாள், "முழங்காலின் வெளிப்பக்கம் வலி, 6 கிலோமீட்டரில் நிறுத்திவிட்டேன்" என்று எழுதினேன். மறுவாரம் நீண்ட ஓட்டம் 18 கிலோமீட்டரிலிருந்து 20 ஆகியிருந்தது. கோச் பார்த்துவிட்டுத்தான் போட்டிருப்பார் என்று நம்பி ஓடினேன். அதற்குப் பிறகு பதினொரு வாரம் ஓட முடியவில்லை, அந்த வருடப் போட்டி போயிற்று. என் குறிப்பை யாருமே படிக்கவில்லை என்பதும், எனக்குத் திட்டம் எழுதியது அந்த வீரர் இல்லை, அவரிடம் வேலை பார்க்கும் இன்னொருவர் என்பதும் விலகும்போதுதான் தெரிந்தது. பணம் போனதைவிட, அதிகாலை நான்கு மணிக்கு எழுந்த அத்தனை நாட்களும் வீணானதுதான் இன்றும் வலிக்கிறது. நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு அதுதான் காரணம்.

ஆகவே முதல் கேள்வி இது: எனக்கு எழுதப்போவது யார், அவரிடம் இப்போது எத்தனை பேர் இருக்கிறார்கள்? முழுநேரமாக இதையே செய்பவர் இருபது முப்பது பேரைக் கவனிக்கலாம். அறுபது எழுபது என்று சொன்னால், எவ்வளவு நல்லவராக இருந்தாலும் உங்கள் செவ்வாய்க்கிழமை முழங்காலைப் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. எண்ணைச் சொல்லத் தயங்குகிறவரிடம் நான் மேலே பேச மாட்டேன்.

எந்த வகை உங்களுக்குச் சரி

சந்தையில் இருப்பவை தயார்த் திட்டம், உங்கள் தரவைப் பார்த்துத் தானாகவே மாற்றிக்கொள்ளும் செயலி, ஒரு கோச் பலருக்கும் சேர்த்து நடத்தும் குழு, அப்புறம் ஒருவருக்கு ஒருவர். வாரம் மாறாத வேலை, காயம் எதுவும் இல்லாத உடம்பு, முன்பே இரண்டு மூன்று போட்டி முடித்த அனுபவம் இருந்தால் தயார்த் திட்டமே போதும். மிச்சப் பணத்துக்கு நல்ல டயர் வாங்கலாம். டிரெய்னர்ரோடு, ட்ரைடாட் மாதிரி செயலிகள் விட்டுப்போன பயிற்சியைக் கணக்கில் எடுத்து மாற்றித் தருகின்றன, எண்களைப் பொறுத்தவரை நன்றாகவே செய்கின்றன. ஆனால் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவனின் முகம் அவற்றுக்குத் தெரியாது. நீங்கள் தட்டச்சு செய்யாததை அவை கேட்பதும் இல்லை.

முதல் முழுத் தூரம், ஷிஃப்ட் வேலை, நாற்பதைத் தாண்டிய வயது, பழைய காயம், இவற்றில் இரண்டு உங்களிடம் இருந்தால் ஒருவருக்கு ஒருவர் கோச்சுக்குப் போங்கள் என்பேன்.

இந்தத் தீவின் சூட்டை அவருக்குத் தெரியுமா

வெளிநாட்டு கோச்சோடு வரும் தொல்லைகளில் முக்கால்வாசி இங்கேதான் தொடங்குகிறது. அவர் இருக்கும் ஊரில் காலை 12 டிகிரி. ஒரு கிலோமீட்டருக்கு ஐந்தே கால் நிமிடம், மெதுவான ஓட்டம் என்று எழுதிவிடுவார். நீங்கள் மாலை ஆறரைக்கு ஈஸ்ட் கோஸ்டில் 30 டிகிரியில் அதே வேகத்தில் ஓடுவீர்கள். முதல் மூன்று கிலோமீட்டர் துடிப்பு 140, பத்தாவது கிலோமீட்டரில் வேகம் ஏறாமலே 160-ஐத் தாண்டியிருக்கும். காரணம் எளிது. உடம்பைக் குளிர்விக்க ரத்தம் தோல் பக்கம் திரும்புகிறது, வியர்வையாகப் போவதால் ரத்தத்தின் நீர் அளவும் குறைகிறது, தசைக்கு அதே அளவு கொடுக்க இதயம் கூடுதலாக அடிக்கிறது. ஆக, மெதுவான ஓட்டம் என்று எழுதப்பட்டது உங்கள் உடம்பில் நடுத்தர ஓட்டமாகிவிடுகிறது. வாரத்துக்கு நான்கு நாள் இப்படி நடந்தால் இரண்டு மாதத்தில் ஆள் தேய்ந்துவிடுவார், ஏன் என்றும் யாருக்கும் புரியாது.

சரி, காலையில் ஓடினால் தீர்ந்தது என்று நினைப்போம். முழுக்கத் தீராது. விடியலுக்கு முன் வெப்பநிலை 25 டிகிரி பக்கம் இறங்கும், ஆனால் ஈரப்பதம் அப்போதுதான் உச்சத்தில், பல நாள் 90 விழுக்காட்டுக்கும் மேலே இருக்கும். நண்பகலுக்குப் பிறகு அது 60 பக்கம் இறங்கும், ஆனால் வெயில் கொளுத்தும். காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்கும், உடம்பு குளிராது. இதை நம் ஊர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை. குளிர்தேசத்து கோச்சுக்கு விளக்க வேண்டியிருக்கும், அவர் கேட்டுக்கொள்வாரா என்பதுதான் பார்க்க வேண்டியது.

அதனால் பேசும்போது இப்படிக் கேளுங்கள்: "இங்கே வருடம் முழுக்க 30 டிகிரி. என் மெதுவான ஓட்டத்தை எதை வைத்து நிர்ணயிப்பீர்கள்?" இதயத் துடிப்பையும் உங்களுக்கு எவ்வளவு கடினமாகத் தெரிகிறது என்பதையும் வைத்து, வேகத்தை அதன் போக்கில் விட்டுவிடுவேன் என்று பதில் வந்தால் நல்ல அறிகுறி. கடினமான பயிற்சியை ஏர்கான் உள்ள ஜிம்மிலோ வீட்டில் சைக்கிளை மாட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் டிரெய்னரில் மின்விசிறி வைத்தோ போடுவேன், சூட்டில் செய்வதை மெதுவானதாக வைப்பேன் என்றால் இன்னும் நல்லது. "பழகிவிடும்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் கவனம். பழகத்தான் செய்யும், புதிதாகச் சூட்டுக்கு வருகிற உடம்பு பத்துப் பதினான்கு நாளில் நிறையவே பழகிக்கொள்ளும், ஆனால் பழகிய உடம்புக்கும் சூடு சூடுதான்.

வியர்வைக் கணக்கும் இதோடு சேர்ந்தது. ஒரு மணி நேரம் ஓடுவதற்கு முன்னும் பின்னும் எடை பார்க்க வேண்டும். 1.2 கிலோ குறைந்து, நடுவில் அரை லிட்டர் குடித்திருந்தால், அந்த ஒரு மணி நேரத்தில் போனது 1.7 லிட்டர். சேர்ந்த முதல் மாதத்திலேயே இந்தக் கணக்கை எடுக்கச் சொல்லும் கோச் நம் நிலைமையைப் புரிந்தவர். "தாகம் எடுக்காவிட்டாலும் நிறையத் தண்ணீர் குடி" என்று மட்டும் சொல்பவர் ஆபத்தானவர். உப்பு சேர்க்காமல் பல மணி நேரம் வெறும் தண்ணீரைக் குடித்துக்கொண்டே இருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும், தூரப் போட்டிகளில் அதனால் மருத்துவமனைக்குப் போனவர்கள் உண்டு.

இன்னொன்று, பயிற்சிகளைப் பதிவு செய்யும் டிரெய்னிங்பீக்ஸ் மாதிரி தளங்களில் ஒரு மணி நேரம் உங்கள் உச்ச வரம்பில் செய்தால் 100 புள்ளி என்று ஒரு கணக்கு உண்டு, 42 நாள் சராசரியை நீலக் கோடாகக் காட்டும். அந்தக் கோடு ஏறிக்கொண்டே இருக்க வேண்டும் என்று துரத்தும் கோச்சுகள் இருக்கிறார்கள். மிதிக்கும் வலுவை அளக்கும் பவர் மீட்டரை வைத்துப் போடும் அந்தக் கணக்கில் சூடு சேராது. லிம் சூ காங் வெயிலில் எடுத்த 200 புள்ளியும் குளிர்ந்த ஊரில் எடுத்த 200 புள்ளியும் கோட்டில் ஒன்றுதான், காலில் ஒன்றில்லை. கோட்டைப் பார்த்துவிட்டு, "நேற்று எப்படித் தூங்கினாய்?" என்றும் கேட்பவர் வேண்டும்.

மேடு இல்லாத பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன். நம் உயரமான இடமே புக்கித் தீமா, 164 மீட்டர்கூட முழுசாக இல்லை. இருபது நிமிட ஏற்றம் நான்கு தடவை என்று எழுதி அனுப்புவார்கள். மவுண்ட் ஃபேபர் சில நிமிடத்தில் முடிந்துவிடும். லங்காவியின் சைக்கிள் பாதையோ ஏற்ற இறக்கம் நிறைந்தது. அந்த வலுவைத் தட்டையான சாங்கி கோஸ்ட் சாலையில் கனமான கியரில் மெதுவாக மிதித்தோ வீட்டு டிரெய்னரிலோ எப்படிக் கொண்டுவருவீர்கள் என்று கேளுங்கள். சாலையில் கூட்டமாகப் போனால் ஒற்றை வரிசையில் 5 பேர், இரட்டை வரிசையில் 10 பேர் என்று 2022 முதல் வரம்பு இருப்பதையும், சிக்னலுக்கு சிக்னல் நிற்க வேண்டியிருப்பதையும் அவருக்குச் சொல்லிவிடுங்கள். மூன்று மணி நேரம் நிற்காமல் மிதி என்பது இங்கே சாலையில் நடக்காது.

உங்கள் வாழ்க்கை அவர் திட்டத்துக்குள் போகுமா

நான் பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் வேலை பார்க்கிறவன். பகல் ஷிஃப்ட், இரவு ஷிஃப்ட், விடுப்பு என்று மாறி மாறி வரும். என் வாரம் திங்களில் தொடங்குவதே இல்லை. இரண்டாவதாகக் கிடைத்த கோச் முதல் உரையாடலிலேயே என் ஷிஃப்ட் அட்டவணையை மூன்று மாதத்துக்கு அனுப்பச் சொன்னார், ஏழு நாள் வாரத்தைக் கைவிட்டு எட்டு நாள் சுற்றாக எழுதினார். இரவு ஷிஃப்ட் முடிந்த காலையில் கடினமான பயிற்சி எதுவும் போட மாட்டேன் என்று அவரே சொன்னார். அவர் கட்டணம் முதல் நிறுவனத்தைவிடக் குறைவு, பெயரும் யாருக்கும் தெரியாது. அந்த வருடம் நான் லங்காவியில் முடிவுக் கோட்டைத் தாண்டினேன்.

உங்களுக்கு ஷிஃப்ட் இல்லாமல் இருக்கலாம், ரிசர்விஸ்ட் பயிற்சி இருக்கும். ஒன்று இரண்டு வாரம் முகாமில் போய்விடும், அங்கே நடப்பது ஓய்வும் இல்லை, நம் பயிற்சியும் இல்லை. தேசிய சேவை என்றால் என்ன என்று தெரியாத கோச் அதை விடுமுறை என்று எண்ணி, திரும்பி வந்த மறுநாளே 120 கிலோமீட்டர் போட்டுவிடுவார். தேதி தெரிந்ததும் சொல்லுங்கள். உடல்தகுதித் தேர்வான ஐபிபிடியின் 2.4 கிலோமீட்டர் ஓட்டம் எப்போது என்பதையும் சொல்லுங்கள்.

விரதம் பற்றி நம் ஆட்கள் பலரும் கோச்சிடம் பேசுவதே இல்லை, புரியாது என்று விட்டுவிடுகிறார்கள். தைப்பூசத்துக்குக் காவடி எடுப்பவர் என்றால் பல வாரம் சைவ உணவு, சிலருக்கு ஒரு வேளை மட்டும், அப்புறம் சீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தெண்டாயுதபாணி கோயில்வரை வெறுங்காலில் நடை. அந்த வாரங்களில் நீளத்தைக் கூட்ட முடியாது, கூட்டவும் கூடாது. ரமலானில் நோன்பு நோற்பவருக்கு 13 மணி நேரத்துக்கு மேல் தண்ணீரும் இல்லை. பயிற்சி நோன்பு திறந்த பிறகோ, திறப்பதற்குச் சற்று முன் மெதுவாகவோ நகர வேண்டும். இதைச் சொன்னவுடன் "எத்தனை நாள், எத்தனை வேளை, தண்ணீர் உண்டா?" என்று திருப்பிக் கேட்கும் கோச் கிடைத்தால் விடாதீர்கள். "போட்டி வருடத்தில் இதைத் தவிர்க்க முடியாதா?" என்று கேட்பவரோடு மாதக்கணக்கில் உங்களால் மனம்விட்டுப் பேச முடியாது. அவர் கெட்டவர் என்று சொல்லவில்லை, உங்களுக்கு ஆனவர் இல்லை.

சாப்பாட்டிலும் அப்படித்தான். நீண்ட சைக்கிள் ஓட்டத்தில் மணிக்கு 60-லிருந்து 90 கிராம் மாவுச்சத்து உள்ளே போக வேண்டும் என்பது பொதுவான அளவு. எதிலிருந்து என்பது உங்கள் வயிற்றைப் பொறுத்தது. எனக்கு முதல் மூன்று மணி நேரம் வாழைப்பழமும் பேரீச்சையும் சின்னச் சின்ன உப்பு போட்ட சோற்று உருண்டையும் ஒத்துக்கொள்கின்றன, அதற்குப் பிறகுதான் ஜெல். இட்லி என்றால் என்ன என்று தெரியாவிட்டால் பரவாயில்லை, கேட்டுத் தெரிந்துகொள்கிறாரா என்று பாருங்கள்.

உடல்நலக் கேள்வித்தாள் அனுப்பாமல் பணம் வாங்கும் யாரிடமும் சேராதீர்கள். மாரடைப்பும் நீரிழிவும் நம் இந்தியச் சமூகத்தில் அதிகம், இது சிங்கப்பூரில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அப்பாவுக்கு ஐம்பது வயதில் மாரடைப்பு வந்திருந்தால் அது கோச்சுக்குத் தெரிந்திருக்க வேண்டும், நீங்களும் முதலில் மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும். இதில் கூச்சமே வேண்டாம்.

கட்டுவதற்கு முன் அனுப்ப வேண்டிய கடிதம்

நல்ல கோச்சா என்று கண்டுபிடிக்க எனக்குத் தெரிந்த ஒரே உறுதியான வழி, உடைந்துபோன ஒரு வாரத்தை அவரிடம் கொடுத்துப் பார்ப்பது. நான் தம்பிக்கு எழுதிக் கொடுத்தது இது, உங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்:

"இந்த வாரம் எனக்கு 11 மணி நேரம் போட்டிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். செவ்வாய் வேலை நீண்டதால் ஓட்டம் விட்டுப்போனது. புதன் இரவு காய்ச்சல், வியாழன் மாலை விட்டுவிட்டது. வெள்ளி நீச்சலுக்குப் போனேன், மின்னல் எச்சரிக்கையில் குளத்தை விட்டு வெளியேற்றிவிட்டார்கள். சனிக்கிழமை 5 மணி நேர சைக்கிள், ஞாயிறு 2 மணி நேர ஓட்டம் பாக்கி. போட்டிக்கு 9 வாரம் இருக்கிறது. என்ன மாற்றுவீர்கள்?"

பதிலில் மூன்று விஷயத்தைத் தேடுங்கள். காய்ச்சலைப் பற்றி முதலில் கேட்கிறாரா. கழுத்துக்குக் கீழே இருமல், உடல்வலி ஏதும் இருக்கிறதா, தூக்கத்தில் துடிப்பு எவ்வளவு, நெஞ்சு எப்படி என்று. விட்டுப்போனதை வார இறுதியில் திணிக்காமல் விட்டுவிடுகிறாரா. ஏன் அப்படி என்று காரணம் சொல்கிறாரா. என் இரண்டாவது கோச் இதைப் போன்ற ஒரு கேள்விக்கு நான்கு வரியில் பதில் எழுதினார், அதில் இரண்டு வரி கேள்வி. சனிக்கிழமை இரண்டு மணி நேரம் மெதுவாக மிதி, துடிப்பு வழக்கத்தைவிட ஏறியிருந்தால் வீட்டுக்குத் திரும்பு, ஞாயிறு காலையில் எனக்கு எழுது, ஓட்டத்தை அப்போது முடிவு செய்வோம் என்றார். அவ்வளவுதான். அதே கேள்விக்கு இன்னொருவர் அவருடைய பயிற்சித் தத்துவத்தை விளக்கும் மூன்று பக்கக் கோப்பை அனுப்பினார், என் காய்ச்சலைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை.

புகைமூட்டத்தையும் கேளுங்கள். 2015-இலும் 2019-இலும் பட்டவர்களுக்கு நினைவிருக்கும். காற்றுத் தரக் குறியீடு 100-ஐத் தாண்டினால் தேசியச் சுற்றுப்புற வாரியம் அதைச் சுகாதாரமற்றது என்கிறது. அன்று வெளியே நான்கு மணி நேரம் என்பதை உள்ளே ஒன்றரை மணி நேரமாக மாற்றித் தர அவர் தயாராக இருக்க வேண்டும்.

நீச்சல் மட்டும் வேறு கதை

3.8 கிலோமீட்டர் என்றால் 50 மீட்டர் குளத்தில் 76 நீளம். பொதுவாக 2 மணி 20 நிமிடம் கெடு. நம் கடலில் தண்ணீர் 29, 30 டிகிரி, மிதக்க உதவும் வெட்சூட் கிடையாது; அயர்ன்மேன் விதிப்படி தண்ணீர் இவ்வளவு சூடாக இருந்தால் அதை அணிய முடியாது, லங்காவியும் அப்படித்தான். ஆகவே நீச்சலில் பலவீனமானவருக்கு இந்தப் பக்கத்துப் போட்டிகளில் சலுகை எதுவும் இல்லை. நிற்காமல் 1.5 கிலோமீட்டர் நீந்த முடியவில்லை என்றால், முதல் மூன்று மாதம் ஆன்லைன் கோச்சை மறந்துவிட்டு அந்தப் பணத்தைக் குளக்கரையில் நின்று உங்கள் கையைப் பார்த்துத் திருத்துபவரிடம் கொடுங்கள். திரையில் இருப்பவரால் தூரமும் நேரமும் எழுத முடியும், முழங்கை தண்ணீருக்குள் எங்கே சரிகிறது என்று தினமும் பார்க்க முடியாது. வீடியோ அனுப்பச் சொல்லும் கோச்சுகள் உண்டு, நல்லதுதான், ஆனால் பொதுக் குளத்தில் கேமராவை எடுக்கும் முன் ஊழியரிடம் கேட்டுவிடுங்கள், மற்றவர்களும் பிள்ளைகளும் இருக்கும் இடம். இருவரையும் வைத்துக்கொள்வதாக இருந்தால் இருவருக்கும் மற்றவரைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒரே நாளில் இரண்டு கடினமான நீச்சல் வந்து நிற்கும்.

சான்றிதழ், பணம், நேர வித்தியாசம்

வேர்ல்ட் டிரையத்லானின் கோச் நிலைகள், அயர்ன்மேனின் சான்றிதழ், இங்கே ஸ்போர்ட் சிங்கப்பூரின் தேசியப் பயிற்றுநர் பதிவேடு, எல்லாமே ஓர் அடிப்படையைக் காட்டும். இருந்தால் நல்லது, சேர்வதற்கு அதுவே காரணம் ஆகாது. அவரே எவ்வளவு வேகமாக ஓடினார் என்பதற்கு நான் இன்னும் குறைவான மதிப்புத்தான் தருவேன். அதைவிட, உங்களைப் போன்ற ஒருவரோடு பேச விடுவாரா என்று கேளுங்கள். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகள், சூடான ஊர். மேடையில் ஏறியவரிடம் பேசிப் பயனில்லை. பாதியில் விலகிய ஒருவரோடு பேச முடிந்தால் அதுதான் உண்மையான சான்றிதழ்.

கட்டணத்தில் விலைப்பட்டியலைவிடச் சுற்றியுள்ளதைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் அமெரிக்க டாலரில் வாங்குவார்கள், சிங்கப்பூர் வெள்ளிக்கு மாற்றும்போது கடன் அட்டை நிறுவனம் சுமார் 3 விழுக்காடு எடுத்துக்கொள்ளும், சில நிறுவனங்கள் 9 விழுக்காடு ஜிஎஸ்டியும் சேர்க்கும். செயலியின் சந்தா உள்ளே அடங்குமா, தனியா? குறைந்தபட்சம் எத்தனை மாதம்? ரிசர்விஸ்டுக்கோ காயத்துக்கோ ஒரு மாதம் நிறுத்தி வைக்கலாமா? விலகினால் கட்டிய பணம்? இவை எழுத்தில் வர வேண்டும். வாரம் ஒருமுறை பேசுவதற்குத் தனிக் கட்டணம் என்று வெள்ளி, தங்கம் எனப் படிகள் வைத்திருப்பார்கள். கீழ்ப் படியில் உங்கள் குறிப்புகளை யாராவது படிப்பார்களா என்று மட்டும் நேராகக் கேளுங்கள்.

நேரம். ஐரோப்பா நமக்கு ஆறேழு மணி நேரம் பின்னால், சமாளிக்கலாம். நாம் மாலையில் எழுதியதை அவர் மதியம் படிப்பார். அமெரிக்காவின் கிழக்குக் கரை 12, 13 மணி நேரம். நீங்கள் ஞாயிறு காலை பத்தரைக்குச் சைக்கிளை விட்டு இறங்கும்போது அவருக்குச் சனிக்கிழமை இரவு. அவர் திங்கள் காலை மேசையில் உட்காரும்போது நமக்குத் திங்கள் இரவு, அதற்குள் திங்கள் பயிற்சியை முடித்திருப்பீர்கள். ஆஸ்திரேலியா, மலேசியா, தாய்லாந்து, இங்கேயே இருப்பவர் என்றால் இந்தத் தலைவலி இல்லை, சூட்டைப் பற்றிய விளக்கமும் பாதி மிச்சம். அதற்காக அமெரிக்கர் வேண்டாம் என்று சொல்லவில்லை, திங்களை ஓய்வு நாளாக்கிக்கொண்டால் போதும். கேட்டுப் பாருங்கள், சரி என்று உடனே சொல்கிறாரா என்று.

முதல் நான்கு வாரம்

ஒரு மாதத்துக்கு மட்டும் சேருங்கள். லங்காவி வழக்கமாக நவம்பரில் வருவதால் ஏப்ரலிலேயே தொடங்கினால், ஆள் சரியில்லாமல் போனாலும் மே மாதம் வேறொருவரைத் தேட நேரம் இருக்கும். ஆகஸ்ட்டில் சேர்ந்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் தப்பிக்க வழியில்லை, பல்லைக் கடித்துக்கொண்டு முடிக்க வேண்டியதுதான்.

முதல் இரண்டு வாரத்தில் சோதனைகள் வரும்: சைக்கிளில் 20 நிமிட உச்ச முயற்சி, குளத்தில் 400, 200 மீட்டர், ஓட்டத்தில் அரைமணி நேரம். வராவிட்டால் உங்களுக்கான எண்களை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று கேளுங்கள். ஒவ்வொரு நாளும் குறிப்பு எழுதுங்கள், "நன்றாக இருந்தது" என்று எழுதினால் அவருக்கும் வேலை செய்ய எதுவும் இல்லை. தூக்கம் எத்தனை மணி, கால் எப்படி, எந்த இடத்தில் மனம் தளர்ந்தது, குடித்தது எவ்வளவு. மூன்றாவது வாரத்தில் உண்மையான ஏதாவது ஒன்றைக் குறிப்பில் எழுதுங்கள், இடது கெண்டைக்கால் இறுக்கமாக இருப்பது மாதிரி. அடுத்த இரண்டு நாளில் அதற்குப் பதிலோ மாற்றமோ வர வேண்டும். வராவிட்டால் ஒருமுறை நேராகச் சொல்லுங்கள். இரண்டாவது முறையும் வராவிட்டால் அந்த மாதத்தோடு விலகிவிடுங்கள், அவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும்.

விலகுவதற்கு இன்றே ஏற்பாடு செய்து வையுங்கள். செயலிக் கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும், கோச் அதில் இணைந்திருப்பவர் மட்டுமே. சில நிறுவனங்கள் அவர்களுடைய கணக்குக்குள்ளேயே உங்களைச் சேர்த்துவிடுவார்கள், வெளியே வரும்போது ஒரு வருடத் தரவும் போய்விடும். எனக்கு அப்படித்தான் போனது. கார்மினிலோ வாஹூவிலோ பதிவாகும் மூலக் கோப்புகள் உங்கள் கடிகாரக் கணக்கிலும் தனியாகச் சேர்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவற்றை இறக்கி வையுங்கள். அடுத்த கோச்சிடம் போகும்போது அந்தக் கோப்புகளோடு, எந்த வாரத்தில் எந்த வலி வந்தது என்ற உங்கள் சொந்தக் குறிப்பையும் ஒரு பக்கமாக எழுதிக் கொடுங்கள். எண்களைவிட அந்த ஒரு பக்கத்தை முதலில் திறப்பவரிடம் நீங்கள் தைரியமாகச் சேரலாம்.